கடலுக்குள் ஒரு கிணறு: மின்னிலையத்துக்கு நீர் வரும் வழி

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
தொடர்புடைய பாடப்பகுதிகள்: திரவ அமுக்கம், வெப்பம், சக்தி மாற்றம், சூழற் சமநிலை

1. அறிமுகம்

வீடு கட்டும் இடத்தில் மேசன்மார் மட்டம் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒளி ஊடுசெல்லும் நீண்ட பிளாத்திக்குக் குழாயொன்றில் நீரை நிரப்புவார்கள். ஒருவர் குழாயின் ஒரு நுனியை ஒரு தூணருகே பிடிப்பார். மற்றவர் மறுநுனியை இன்னொரு தூணருகே பிடிப்பார். குழாய் தரையில் எவ்வளவு வளைந்து நெளிந்து கிடந்தாலும், இரு நுனிகளிலும் நீர் ஒரே கிடைமட்டத்திலேயே நிற்கும். ஒரே திரவத்தில் ஒரே ஆழத்தில் அமுக்கம் சமமாக இருப்பதே இதற்குக் காரணம்.

இந்த எளிய தத்துவத்தைக் கொண்டு கடலிலிருந்து ஒரு மின்னிலையத்துக்கு நீரைக் கொண்டுவரலாம். மேசனின் குழாய்க்குப் பதிலாகக் கடலடிப் பாறையைக் குடைந்த சுரங்கம். ஒரு நுனிக்குப் பதிலாகக் கடலுக்குள் ஒரு கிணறு. மறுநுனிக்குப் பதிலாகக் கரையில் ஒரு கிணறு. வேறுபாடு பருமனில் மட்டுமே. இந்தக் கடற்கிணறு ஏன் தேவைப்படுகிறது, எப்படி அமைக்கப்படுகிறது, அதனால் வரும் பிரச்சினைகள் எவை என்பவற்றை இப்பாடத்தில் கற்போம். இவை அனைத்தையும் மேற்கூறிய ஒரே தத்துவத்தைக் கொண்டு விளக்கலாம் என்பதை வாசிக்கும்போது அவதானியுங்கள்.

2. மின்னிலையத்துக்குக் கடல்நீர் எதற்கு?

நிலக்கரி மின்னிலையத்திலும் அணுமின் நிலையத்திலும் வெப்பத்தினால் நீர் கொதிநீராவியாக்கப்படுகிறது. கொதிநீராவி சுழலியைச் சுழற்றுகிறது. சுழலி மின்பிறப்பாக்கியை இயக்குகிறது. சுழலியை விட்டு வெளியேறும் நீராவியை மீண்டும் நீராக்கினால்தான் அதைத் திரும்பக் கொதிக்கவைக்க முடியும். இவ்வேலை ஒடுக்கியில் நடைபெறுகிறது. ஒடுக்கியில் உள்ள ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களினுள்ளே குளிர்ந்த நீர் ஓடும். வெளியே நீராவி படிந்து ஒடுங்கும்.

எரிபொருளிலிருந்து பெறும் வெப்பம் முழுவதையும் மின்சக்தியாக மாற்ற முடியாது. இத்தகைய நிலையங்களில் அரைவாசிக்கு மேற்பட்ட வெப்பம் ஒடுக்கியில் உள்ள குளிர்நீருக்கே போய்ச் சேர்கிறது. ஆகவே குளிர்நீர் நின்றால் மின்னுற்பத்தியும் நிற்கும்.

எமது நாட்டில் புத்தளம் மாவட்டத்தில் நுரைச்சோலையில் உள்ள 900 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் கடற்கரையில் அமைக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அது கடல்நீரினாலேயே குளிர்விக்கப்படுகிறது.

உதாரணம் 1
ஓர் அணுமின் அலகில் ஒரு செக்கனில் 800 மெகாயூல் வெப்பம் உண்டாகிறது. அதில் 220 மெகாயூல் மின்சக்தியாகிறது. ஒடுக்கியினூடாக ஒரு செக்கனில் 14 500 கிலோகிராம் கடல்நீர் செல்கிறது. கடல்நீரின் தன்வெப்பக் கொள்ளளவு, ஒரு கிலோகிராமுக்கு ஒரு பாகை செல்சியசுக்கு 4000 யூல் எனக் கொள்க. மீதி வெப்பம் முழுவதும் கடல்நீரைச் சேர்கிறது எனின், கடல்நீரின் வெப்பநிலை எவ்வளவால் உயரும்?

தீர்வு
கடல்நீர் பெறும் வெப்பம் = 800 – 220 = 580 மெகாயூல் = 580 000 000 யூல்
வெப்பம் = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை உயர்வு
580 000 000 = 14 500 × 4000 × வெப்பநிலை உயர்வு
வெப்பநிலை உயர்வு = 580 000 000 ÷ 58 000 000 = 10 பாகை செல்சியஸ்

ஒரு செக்கனில் 14 500 கிலோகிராம் என்பது ஏறத்தாழ 14 தொன் நீர். நீங்கள் இந்த வாக்கியத்தை வாசித்து முடிப்பதற்குள் பல பெரிய தண்ணீர் பவுசர்கள் கொள்ளும் நீர் ஓடிவிடும். இவ்வளவு நீரை ஆற்றிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ இடைவிடாது பெறுவது கடினம். ஆகவே கடலை நாடுகின்றனர்.

3. கரையிலேயே எடுக்காமல் கடலுக்குள் செல்வது ஏன்?

இதற்கு மூன்று முக்கிய காரணங்கள் உள்ளன.

(அ) கரையோரத்தில் அலைகள் மணலைக் கிளறுகின்றன. கரை நீளத்துக்கு மணல் நகர்ந்துகொண்டும் இருக்கிறது. கரையில் வெட்டிய வாய்க்கால் மணலால் அடைபடும். பம்பியும் தேயும்.
(ஆ) வற்றின்போது கரையோர நீர் பின்வாங்கும். கடலுக்குள், மிகத் தாழ்ந்த வற்றுமட்டத்துக்கும் கீழே வாயில் இருந்தால் நீர் ஒருபோதும் நிற்காது.
(இ) ஒடுக்கியிலிருந்து வெளியேறும் சூடான நீரும் கடலுக்கே விடப்படுகிறது. உள்ளெடுக்கும் இடம் விலகியிருந்தால் சூடான நீர் மீண்டும் உள்ளே வருவது குறையும்.

இவ்வகை அமைப்புக்குச் சிறந்த உதாரணம் தமிழ்நாட்டில் உள்ளது. சென்னைக்குத் தெற்கே வங்காள விரிகுடாக் கரையில் உள்ள கல்பாக்கத்தில், 220 மெகாவாற்று கொண்ட இரு அணுமின் அலகுகள் முறையே 1984, 1986 ஆம் ஆண்டுகளில் வர்த்தக ரீதியாக இயங்கத் தொடங்கின. இவற்றுக்காகக் கரையிலிருந்து ஏறத்தாழ 420 மீற்றர் தூரத்தில் கடலுக்குள் ஒரு கிணறு அமைக்கப்பட்டது. அதன் மேற்பகுதியில், வற்றுமட்டத்துக்குக் கீழே, சுற்றிவரச் சாளரங்கள் உள்ளன. அவற்றினூடாக நுழையும் நீர் கிணற்றில் இறங்கி, கடலடியின் கீழே ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில் பாறையில் குடையப்பட்ட சுரங்கத்தை அடைகிறது. சுரங்கத்தின் நீளம் 468 மீற்றர், விட்டம் 3.8 மீற்றர். அதன் மறுமுனையில் உள்ள கரைக்கிணற்றினூடாக நீர் மேலெழுந்து பம்பி நிலையத்தை அடைகிறது.

50 மீற்றர் ஆழத்திலிருந்து நீரை மேலே கொண்டுவர எத்தனை பம்பிகள் தேவை? மாணவர் பலர் இங்கே தவறுவர். சுரங்கத்திலிருந்து நீரை உயர்த்த ஒரு பம்பியும் தேவையில்லை. கடலின் மட்டத்துக்கு நீர் தானாகவே கரைக்கிணற்றில் உயர்ந்து நிற்கும். கரையிலுள்ள பம்பிகள் அந்த நீரை எடுத்து ஒடுக்கிக்கு அனுப்பும்போது கரைக்கிணற்றின் மட்டம் கடல்மட்டத்தைவிடச் சிறிது தாழும். இந்த மட்ட வேறுபாட்டினால் உண்டாகும் அமுக்க வேறுபாடே கடல்நீரைச் சுரங்கத்தினூடாகத் தள்ளிக்கொண்டு வருகிறது.

கவனிக்க: சுரங்கத்தின் ஆழம் எவ்வளவாயினும் இரு கிணறுகளின் நீர்மட்டங்களுமே முக்கியமானவை. மேசனின் குழாய் தரையில் எவ்வளவு தாழ்ந்து கிடந்தது என்பது முக்கியமில்லாதது போன்றே இதுவுமாகும்.

4. கடலுக்குள் கிணறு வெட்டுவது எப்படி?

நிலத்தில் கிணறு வெட்டும்போது ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே வெட்டலாம். கடலை இறைக்க முடியாது. இவ்வேலை இன்று எவ்வாறு செய்யப்படுகிறது என்பதற்கு இங்கிலாந்தின் தென்மேற்கில், பிரிஸ்ரல் கால்வாய்க் கரையில் அமைக்கப்பட்டுவரும் ஹிங்க்லி பொயின்ற் சி அணுமின் நிலையத்தைக் குறிப்பிடலாம்.

அங்கு நீரை உள்ளெடுக்க, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.5 கிலோமீற்றர் நீளமான இரண்டு சுரங்கங்கள் கரையிலிருந்து கடலடியின் கீழே குடையப்பட்டன. நீரை வெளியேற்ற 1.8 கிலோமீற்றர் நீளமான இன்னொரு சுரங்கம் குடையப்பட்டது. உள்ளெடுப்பு வாய்கள் நான்கும் வெளியேற்று வாய்கள் இரண்டும் கொங்கிறீற்றினால் கரையில் செய்யப்பட்டன. உள்ளெடுப்பு வாய் ஒன்றின் திணிவு 5000 தொன்னுக்கு மேல். 2022 ஆம் ஆண்டில் இவை இரண்டு மிதக்கும் பாரந்தூக்கிகளின் உதவியுடன் கடலடியில் இறக்கப்பட்டன. அடுத்த ஆண்டில், வாய்களைச் சுரங்கங்களுடன் இணைப்பதற்கான செங்குத்துக் கிணறுகளை அமைக்கும் வேலை நடைபெற்றது.

இத்தகைய கிணறொன்றை அமைக்கும் படிமுறையைப் பொதுவாகப் பின்வருமாறு கூறலாம்.

படி 1: கால்களைக் கடலடியில் ஊன்றித் தன்னை அலைக்கு மேலே உயர்த்திக்கொள்ளும் மேடையொன்று கொண்டுவரப்படும். மிதக்கும் படகு அலையுடன் ஏறி இறங்குவதால் அதிலிருந்து செங்குத்தாகத் துளையிடுவது கடினம்.

படி 2: பெரிய உருக்குக் குழாயொன்று கடலடியில் செங்குத்தாக இறக்கப்படும். மணலும் சேறும் துளைக்குள் சரிந்து விழாமல் இது தடுக்கும். அதனுள்ளே பாறை துளையிடப்படும்.

படி 3: துளையிடும்போது குழியிலுள்ள நீர் வெளியேற்றப்படுவதில்லை. உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாயின் அமுக்கமும் சமம். ஆகவே குழியின் சுவர் உள்நோக்கித் தள்ளப்படுவதில்லை.

படி 4: நிரந்தரக் குழாய் இறக்கப்பட்டு, அதற்கும் பாறைக்கும் இடையிலுள்ள வெளி சீமெந்துச் சாந்தினால் நிரப்பப்படும். பின்னர் கிணற்றின் வாய் உறுதியான மூடியால் மூடப்படும்.

படி 5: மூடிய கிணற்றிலுள்ள நீர் அகற்றப்படும். சுரங்கத்திலிருந்து தொழிலாளர் பக்கவாட்டில் பாறையைக் குடைந்து கிணற்றின் அடியை அடைவர். கடைசிப் பாறையை உடைக்குமுன் சிறு துளையிட்டு நீர் கசிகிறதா எனச் சோதிப்பர்.

படி 6: இணைப்பு முடிந்ததும் ஆட்களும் பொறிகளும் வெளியேறுவர். சுரங்கமும் கிணறும் மெதுவாக நீரால் நிரப்பப்படும். இரு பக்கத்து அமுக்கங்களும் சமமான பின்னரே மூடி அகற்றப்படும்.

ஐந்தாம் படியில் சுரங்கத்தில் நிற்பவர்களுக்கும் கடலுக்கும் இடையில் இருப்பது அந்த மூடியும், கிணற்றின் சுவரும், பாறையும் மட்டுமே. மூடி தாங்கும் சுமையைக் கணித்துப் பாருங்கள்.

உதாரணம் 2
கடல்மட்டத்திலிருந்து 20 மீற்றர் ஆழத்தில் கிடையாக உள்ள மூடியின் பரப்பளவு 12 சதுரமீற்றர். மூடியின் கீழே வளி மட்டுமே உள்ளது. கடல்நீரின் அடர்த்தி ஒரு கனமீற்றருக்கு 1025 கிலோகிராம், புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 எனக் கொள்க. கடல்நீரினால் மூடியின் மீது தாக்கும் விசை யாது?

தீர்வு
அமுக்கம் = ஆழம் × அடர்த்தி × புவியீர்ப்பு ஆர்முடுகல்
= 20 × 1025 × 10 = 205 000 பஸ்கால்
விசை = அமுக்கம் × பரப்பளவு
= 205 000 × 12 = 2 460 000 நியூற்றன்

இது 246 தொன் திணிவின் நிறைக்குச் சமன். கீழே வளி இருக்கும்போது இம்மூடியைத் திறக்க முயல்வது வீண்; திறந்தாலோ கடல் முழு வேகத்துடன் சுரங்கத்தினுள் பாயும். சுரங்கத்தை நீரால் நிரப்பிய பின் கீழிருந்தும் அதே அமுக்கம் தாக்குவதால் விளையுள் விசை பூச்சியமாகும். அப்போது மூடியின் சொந்த நிறையைத் தூக்கினால் போதும். படிகளின் வரிசையைப் பேணுவது உயிர் காக்கும் விடயம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

5. உள்ளே நுழையும் உயிர்கள்

கடல்நீருடன் உயிர்களும் வருகின்றன. இவற்றால் இருவகைப் பிரச்சினைகள் எழுகின்றன.

(அ) ஒட்டி வளரும் உயிர்கள்
கல்பாக்கத்தின் சுரங்கம் இருளானது, எதிரிகள் குறைந்தது. ஓடும் நீர் உணவையும் ஒட்சிசனையும் இடைவிடாது கொண்டுவருகிறது. பச்சை நிற ஓடுடைய மட்டிகளுக்கு இதைவிட நல்ல வாழிடம் வேறில்லை. நுண்ணிய குடம்பிகளாக நுழைந்து சுவரில் ஒட்டி வளரும் இவை நூற்றுக்கணக்கான தொன் அளவில் சேர்ந்திருந்ததாக ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

மட்டிகள் படியும்போது சுரங்கம் ஒடுங்குகிறது, சுவர் கரடாகிறது. நீரோட்டத்துக்குத் தடை கூடுவதால் அதே அளவு நீரைப் பெறக் கரைக்கிணற்றின் மட்டம் முன்னரைவிட மேலும் தாழவேண்டும். அளவுக்கு மீறித் தாழ்ந்தால் பம்பிகளுக்கு நீர் எட்டாது. கழன்று வரும் ஓடுகள் ஒடுக்கியின் மெல்லிய குழாய்களை அடைக்கவும் கூடும். இதைக் கட்டுப்படுத்த நீருக்குக் குளோரீன் சேர்க்கப்படுகிறது. ஆனால் குளோரீன் மிகுந்தால், வெளியேறும் நீர் கடலிலுள்ள ஏனைய உயிர்களுக்கும் தீங்காகும். ஆகவே அளவறிந்து சேர்க்கவேண்டும்.

(ஆ) மீன்கள்
மீன் தப்புவதும் தப்பாததும் வாயிலில் நீர் பாயும் வேகத்தில் தங்கியுள்ளது. ஒரு செக்கனில் பாயும் நீரின் கனவளவு = குறுக்குவெட்டுப் பரப்பு × வேகம். ஒரு செக்கனில் 36 கனமீற்றர் நீர், 12 சதுரமீற்றர் குறுக்குவெட்டுடைய சுரங்கத்தில் பாய்ந்தால் வேகம் செக்கனுக்கு 3 மீற்றர். இதை எதிர்த்து நீந்துவது சிறுமீனால் இயலாது. அதே நீரை மொத்தம் 120 சதுரமீற்றர் பரப்புடைய சாளரங்களால் உள்ளெடுத்தால் வாயிலில் வேகம் 0.3 மீற்றர் மட்டுமே. வாயை அகலமாக அமைப்பதன் நோக்கம் இதுவே.

ஹிங்க்லி பொயின்றில் அகன்ற வாய்களுடன், மீனைத் திருப்பி அனுப்பும் அமைப்பும், ஒலியால் மீனை விலக்கும் கருவியும் நிபந்தனையாக விதிக்கப்பட்டிருந்தன. நீரோட்டம் கடுமையான அவ்விடத்தில் ஒலிக்கருவியைப் பராமரிப்பது சுழியோடிகளுக்கு ஆபத்தானது எனக் கூறி, நிலையத்தை அமைக்கும் நிறுவனம் அந்த நிபந்தனையை நீக்கக் கோரியது. 2022 இல் பிரித்தானியச் சூழல் அமைச்சு அக்கோரிக்கையை நிராகரித்தது. 2025 இல் புதியவகை ஒலிக்கருவியொன்றைப் பரிசோதித்த அந்நிறுவனம், அதைப் பொருத்தவுள்ளதாக அறிவித்தது. மனித உயிரின் பாதுகாப்பு, மீன்வளம் ஆகிய இரண்டையும் காக்கும் வழியைத் தேடுவதே பொறியியலாளரின் கடமை என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

6. கடல் உயர்ந்த நாள்

2004 டிசம்பர் 26 ஆம் திகதியை உங்கள் பெற்றோரிடம் கேட்டால் கூறுவார்கள். முல்லைத்தீவையும் பருத்தித்துறையையும் மட்டக்களப்பையும் கல்முனையையும் தாக்கிய அதே ஆழிப்பேரலை அன்று காலை கல்பாக்கத்தையும் தாக்கியது. அங்கு அயலிலிருந்த குடியிருப்பில் உயிர்கள் பலியாயின.

அந்நேரம் இரண்டாம் அலகு இயங்கிக்கொண்டிருந்தது. முதலாம் அலகு திருத்த வேலைக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. கடல் உயர்ந்தபோது, சுரங்கத்தால் இணைக்கப்பட்ட கரைக்கிணற்றிலும் நீர் உயர்ந்து பம்பி நிலையத்தினுள் புகுந்தது. குளிர்நீர்ப் பம்பிகள் நின்றன. இயக்குநர்கள் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினர். உயரமான மட்டத்தில் கட்டப்பட்டிருந்ததால் உலைக் கட்டடத்தினுள் கடல்நீர் புகவில்லை. பரிசோதனைகளின் பின் 2005 ஜனவரித் தொடக்கத்தில் அலகு மீண்டும் இயக்கப்பட்டது.

நீரைத் தானாக உயரச்செய்து எமக்கு உதவும் தத்துவமே அன்று வெள்ளத்தையும் உள்ளே கொண்டுவந்தது. கடலுடன் இணைந்த கிணறு கடலின் மட்டத்தையே காட்டும். அது நல்ல நாள், கெட்ட நாள் பார்ப்பதில்லை. ஆகவே பம்பிகளையும் மின் உபகரணங்களையும் எந்த உயரத்தில் வைப்பது என்பதை, கடல் வழமையாக நிற்கும் மட்டத்தைக் கொண்டன்றி, அது உயரக்கூடிய மட்டத்தைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும்.

அணுவுலையை நிறுத்திய பின்னும் அதன் எரிபொருள் தொடர்ந்து வெப்பத்தை வெளிவிடும். நிறுத்திய கணத்தில் இது முழு வெப்பத்தின் 6 முதல் 7 சதவீதம் வரை இருக்கும், பின்னர் குறைந்துசெல்லும். 2011 மார்ச் 11 இல் யப்பானின் புக்குசிமா அணுமின் நிலையத்தில் கடல்நீர்ப் பம்பிகளும் அவசர மின்வழங்கலும் ஆழிப்பேரலையால் செயலிழந்தபோது, நிறுத்தப்பட்டிருந்த மூன்று உலைகளின் எரிபொருள் இவ்வெப்பத்தினாலேயே உருகியது.

7. நினைவில் கொள்க

• இணைக்கப்பட்ட கிணறுகளில் ஓய்விலுள்ள நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்.
• மட்ட வேறுபாடே சுரங்கத்தினூடாக நீரைச் செலுத்துகிறது.
• கிணறு அமைக்கும்போது அமுக்கத்தைச் சமப்படுத்துவது பாதுகாப்பின் அடிப்படை.
• வாயிலின் பரப்புக் கூடினால் நீரின் வேகம் குறையும். மீன்கள் தப்பும் வாய்ப்புக் கூடும்.
• கடல் உயர்ந்தால் கரைக்கிணறும் உயரும்.

8. பயிற்சி வினாக்கள்

(1) பம்பிகள் இயங்காதபோது வற்றினால் கடல்மட்டம் 1 மீற்றர் தாழ்ந்தது. கரைக்கிணற்றின் மட்டத்துக்கு யாது நிகழும்?
(2) 30 மீற்றர் ஆழத்தில் கடல்நீரினால் உண்டாகும் அமுக்கத்தைக் கணிக்க.
(3) உதாரணம் 1 இல், மட்டிகள் அடைத்ததால் நீரின் அளவு அரைவாசியாகியது. வெளியேறும் வெப்பம் மாறாதெனின் வெப்பநிலை உயர்வு யாது?
(4) கிணற்றைத் துளையிடும்போது உள்ளிருக்கும் நீரை இறைத்து வெளியேற்றாததன் காரணத்தை விளக்குக.
(5) உங்கள் ஊர்க் கடற்கரையில் கடல்நீரால் குளிர்விக்கப்படும் மின்னிலையம் ஒன்று அமைக்கப்படவுள்ளது எனக் கொள்க. உள்ளெடுப்பு வாய் பற்றி ஊர் மீனவர் சார்பில் பொறியியலாளரிடம் நீங்கள் கேட்கவேண்டிய மூன்று வினாக்களை எழுதுக.

விடைகள்
(1) அதுவும் 1 மீற்றர் தாழும்.
(2) 30 × 1025 × 10 = 307 500 பஸ்கால்.
(3) 20 பாகை செல்சியஸ்.
(4) நீரை வெளியேற்றினால் வெளி அமுக்கம் உள்ளமுக்கத்தைவிடக் கூடி, குழியின் சுவர் உள்நோக்கித் தள்ளப்பட்டு இடியலாம். நீர் இருந்தால் அமுக்கங்கள் சமப்படும்.
(5) வாயிலில் நீரின் வேகம், குளோரீனின் அளவு, வெளியேறும் நீரின் வெப்பநிலை, மீன்கள் முட்டையிடும் இடத்திலிருந்து வாயிலுக்குள்ள தூரம் ஆகியவற்றுள் மூன்றைப் பற்றி வினவலாம். ஒவ்வொரு வினாவுக்கும் காரணத்தையும் எழுதினால் முழுப்புள்ளி பெறலாம்.